குட்டியின் கண்ணுக்குள் ஒரு கோடு

மன்னார்புரத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த கால்நடைக் கண் மருத்துவமனையில் போன மாதம் ஒரு புது இயந்திரம் வந்து இறங்கியது. பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பொமரேனியன் நாயை மேஜைமேல் நிறுத்தி, கண்ணைத் தொடாமலே படம் எடுத்தார்கள். கருவிழியின் வளைவு, லென்ஸின் பருமன், விழித்திரையின் அடுக்குகள் எல்லாம் நாய் இரண்டு தடவை கண் சிமிட்டுவதற்குள் வண்ணத்தில் திரைக்கு வந்துவிட்டன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். இப்போது என் இடத்தில் இருக்கும் பெண், "இது இல்லாம எப்படி மேடம் பார்த்தீங்க? எழுதிக் கொடுங்களேன்," என்றாள். கேட்ட சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

நான் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். கண் பரிசோதனையில் பட்டம் வாங்கி, மனிதர்களுக்கான கண் மருத்துவமனை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்து, அங்கேயே ஸ்கேன் அறையில் நிலைத்துவிட்டேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தாடையை இங்கே வையுங்கள், மேலே பாருங்கள், கீழே பாருங்கள் என்று சொல்வேன், அவர்களும் பார்ப்பார்கள். சொன்னால் கேட்கிற கண்கள். கேட்காத கண்களிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் டாக்டர் சௌந்தரராஜன்.

அவர் ஸ்ரீரங்கத்துக்காரர், கால்நடை மருத்துவர், கண் அறுவையில் தனியாகத் தேர்ந்தவர். வயதில் என்னைவிடச் சின்னவர். மன்னார்புரத்தில் மருத்துவமனை தொடங்கியபோது, கண்ணுக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடி என்னிடம் வந்தார். வீட்டில் என் கணவர், மாட்டுக்குக் கண்ணாடி போடப் போகிறாயா என்று ஒரு வாரம் சிரித்தார். நான் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

டாக்டரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எந்த விலங்கிடமும் அவர் மரியாதையாகத்தான் பேசுவார். நாயோ ஆடோ, "வாங்கோ, இப்படித் திரும்புங்கோ, அவ்வளவுதான், ஆயிடுத்து," என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே கை வைப்பார். இன்னொன்று, 'நார்மல்' என்ற சொல்லை அவரிடம் சொல்லக் கூடாது. "நீங்க என்ன முடிவு பண்ணினேள்னு நான் கேக்கலை. என்ன பாத்தேள்னு சொல்லுங்கோ," என்பார். குரல் உயராது. ஆனால் பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரவும் மாட்டார்.

இதன் அர்த்தம் எனக்கு ஓர் ஆந்தையால் புரிந்தது. பஸ் கண்ணாடியில் மோதி விழுந்ததைத் துண்டில் சுற்றி யாரோ எடுத்துவந்திருந்தார்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, ஜெல்லியைத் தடவி, மூடிய இமைமேல் ஸ்கேன் முனையை வைத்தேன். திரையில் வந்த கண் உருண்டையாக இல்லை. கோயில் மணியைப் பக்கவாட்டில் படுக்க வைத்த மாதிரி, முன்னால் ஒடுங்கிப் பின்னால் அகன்று நின்றது. முனையைச் சாய்த்துப் பிடித்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப எடுத்தேன். அடுத்த கண்ணும் அப்படியே. கண் நசுங்கிவிட்டது சார் என்று பதறிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார்.

"கண்ணுன்னா உருண்டையா இருக்கணும்னு யார் சொன்னா? மனுஷாளுக்கு உருண்டை. இவாளுக்கு இதுதான் அழகு."

அந்த ஆந்தைக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, இறக்கையில்தான் அடி. அன்றிலிருந்து, நோயோடு வருகிற கண்களோடு ஆரோக்கியமான கண்களையும் நான் தேடித்தேடிப் படம் எடுத்தேன். ஆட்டின் படுக்கைவாட்டுக் கண்மணி, பூனையின் பெரிய லென்ஸ், நம் கண்ணைவிடப் பெரிதாக விழிக்கிற குதிரைக் கண். ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம், ஒரு நீளம், ஒளியை மடக்க ஒரு வழி. மனிதக் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு அத்தனை வருஷம் எப்படி இருந்தேன் என்று தோன்றியது.

இனி ரோஜாவின் கதை. உண்மையில் அந்தப் பெண் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அரியமங்கலத்தில் ஜமால் பாய் என்று ஒருவர். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுவது அவர் தொழில். சுல்தானா என்கிற வெள்ளைப் பெண்குதிரை அவரிடம் இருந்தது. வெடிச் சத்தத்துக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் அசராது. அது ஒரு பெண்குட்டி போட்டது. குட்டிதான் ரோஜா. பிறந்த சில நாளிலேயே அது சுவரில் முட்டுவதையும், தாயின் மடியை மூக்கால் தடவித் தேடுவதையும் பாயின் மனைவி மும்தாஜ் கவனித்திருக்கிறார். இரண்டு கண்ணிலும் பால் விட்டது போல வெள்ளை. பிறவிக் கண்புரை.

புரையை எடுத்தால் பார்வை வருமா என்று கேட்டு வேறு ஊரில் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அந்த அறிக்கையோடுதான் எங்களிடம் வந்தார்கள். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் வைக்கோல் பரப்பி, குட்டியைக் கட்டிப் பிடித்தபடி மும்தாஜும் கூடவே உட்கார்ந்து வந்தார். குட்டியின் நெற்றியிலும் முழங்காலிலும் புதுக் காயமும் பழைய காயமும் மாறி மாறி இருந்தன.

அறிக்கை சொன்னது இதுதான்: இரண்டு கண்ணிலும் விழித்திரை முழுக்கக் கழன்று, சுருட்டிய குடைபோல நடுவில் சேர்ந்துவிட்டது, அறுவை பயன் தராது. இணைத்திருந்த படத்தில், கண்ணின் பின்சுவரிலிருந்து லென்ஸின் முதுகுவரை ஒரு வெள்ளைக் கோடு தெளிவாக ஓடியது. வலியில்லாமல் உயிர் போக ஊசி போட்டுவிடுவது நல்லது என்றும் அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

"எதுவா இருந்தாலும் நேரா சொல்லிடுங்க டாக்டர்," என்றார் ஜமால் பாய். "வீட்டுல நம்பிக்கை வச்சுக்கிட்டு அலையுது."

மும்தாஜ் குட்டியின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "பார்வை வராட்டி போவுதுங்க. நான் வச்சுப் பார்த்துக்கிறேன். ஊசி மட்டும் வேணாம்."

"இன்னிக்கு வச்சுக்கலாம். நாளைக்கு இது ஆள் உசரம் வளரும். பயந்து எகிறுனா உன்னையே மிதிச்சுப்புடும். அப்ப நான் யாரைக் கேக்குறது?" பாய் கோபத்தில் பேசவில்லை. பல ராத்திரி யோசித்துத் தேய்ந்துபோன குரல் அது.

டாக்டர் குட்டியின் முன்னால் மண்டியிட்டார். "கொஞ்சம் கூசும், பொறுத்துக்கோங்கோ," என்று அதனிடம் சொல்லிவிட்டு டார்ச் அடித்தார். குட்டி சட்டென்று கண்ணை இடுக்கிக்கொண்டது. அடுத்த கண்ணிலும் அடித்தார். அதையும் இடுக்கியது. எழுந்து என்னைத் தனியே அழைத்துப்போனார்.

"என்ன பாத்தேள்?"

"வெளிச்சம் பட்ட உடனே கண்ணைச் சுருக்குது சார்."

"விழித்திரை மொத்தமும் கழண்டு சுருண்டிருந்தா இவ்வளவு வேகமாச் சுருக்குவாளா?" என்றவர், தாமே தொடர்ந்தார்: "சுருக்க மாட்டாள்னு அடிச்சுச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. அந்தக் கோடு வேற என்னவா இருக்கலாம்?"

வேறு என்னவாக இருக்கலாம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். தாய் வயிற்றில் இருக்கும்போது கண்ணின் நடுவே ஒரு மெல்லிய ரத்தக்குழாய் ஓடி லென்ஸுக்குச் சாப்பாடு கொடுக்கும். பிறந்ததும் அது வற்றி மறைந்துவிட வேண்டும். சில குட்டிகளில் மறையாமல் நின்றுவிடும். நின்றுவிட்ட குழாயும் கோடாகத்தான் தெரியும், சுருண்டுபோன விழித்திரையும் கோடாகத்தான் தெரியும். அசையாத படத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். கண் அசைய வேண்டும். மனிதர்களிடம் இடப்பக்கம் பாருங்கள், வலப்பக்கம் பாருங்கள் என்பேன். கண் நின்ற பிறகு உள்ளே இருப்பது எப்படி ஆடி அடங்குகிறது என்று கவனிப்பேன். பார்வையில்லாத குதிரைக்குட்டியிடம் என்ன சொல்வது?

அன்று மருத்துவமனையில் எங்களால் ஒன்றும் முடியவில்லை. தாயைப் பிரிந்து வந்த குட்டி நடுங்கிக்கொண்டே இருந்தது. முனையை வைக்கும் முன் தலையை உதறியது. லேசாக மயக்கம் கொடுத்துப் பார்த்தோம். குட்டி அடங்கியது, கூடவே கண்ணும் அடங்கிவிட்டது. படத்தில் அதே கோடு, அசையாமல். ஜமால் பாய் அதைத் திரையிலேயே பார்த்துவிட்டார். அறிக்கையில் இருந்த படம்தான் என்று அவருக்கே தெரிந்தது. வண்டியில் ஏறும்போது, வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன் டாக்டர், அதற்குமேல் அதைக் கஷ்டப்படுத்த மனசு வரவில்லை என்றார்.

அவர்கள் போன பிறகு டாக்டர் வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேஜையில் சிந்திய ஜெல்லியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வண்டியிலிருந்து இறக்கியபோது குட்டி வாசல் பக்கமே காதைத் திருப்பி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அம்மாவைத் தேடியிருக்கிறது. பக்கத்தில் தாய் இருந்தால் தலையைப் பிடித்துக்கொண்டாலும் கண் அந்தப் பக்கம் போகுமே சார் என்றேன். அவர் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். தாயை இங்கே கொண்டுவர முடியாது, நாம் அங்கே போவோம் என்றார்.

மறுநாள் காலையில் கையில் தூக்கிப்போகும் ஸ்கேன் இயந்திரத்தோடு அரியமங்கலம் போனோம். பாயின் கொட்டகை ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. இரும்பு கடையும் சத்தத்தில் குளம்புச் சத்தம் கேட்காது. விஷயத்தைச் சொன்னதும் பட்டறைக்காரர் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு, ஆட்களோடு வேலியோரம் வந்து நின்றுகொண்டார். வெயிலில் திரை தெரியவில்லை. மும்தாஜ் தம் கறுப்புத் துப்பட்டாவை எடுத்துத் திரைக்குமேல் கூடாரம் மாதிரி பிடித்துக்கொண்டார். நானும் டாக்டரும் தலையை அதற்குள் நுழைத்துக்கொண்டோம்.

முதலில் சுல்தானாவின் கண்ணை எடுத்தேன். நல்ல கண் எப்படி இருக்கும் என்பதை அதே இடத்தில், அதே அமைப்பில் பார்த்துக்கொள்ளத்தான். பிறகு குட்டி. ஜெல்லி நிரப்பிய கையுறை விரலை முனையில் மாட்டி, இமைமேல் பாரம் விழாமல் வைத்தேன். அதே கோடு வந்தது.

ஜமால் பாய் சுல்தானாவைக் குட்டியின் இடப்பக்கமாக நடத்திப்போனார். தாய் ஒரு தரம் கனைத்தது. மும்தாஜ் ஒரு கையால் குட்டியின் தலையை அணைத்திருந்தார், தலை திரும்பவில்லை. ஆனால் கண் திரும்பியது. திரையில் லென்ஸ் ஒரு பக்கமாகச் சரிவதைப் பார்த்தேன். கண் நின்றது. கோடு நிற்கவில்லை. காவிரிப் படித்துறையில் நீருக்கடியில் பாசி ஆடுவதுபோல, கண் நின்ற பிறகும் அது மெதுவாக ஆடி, எதிர்ப்பக்கம் போய், திரும்பி வந்து அடங்கியது.

"இன்னொரு தரம்," என்றார் டாக்டர்.

சுல்தானா வலப்பக்கம் போனது. மறுபடி ஆடியது. பல தடவை தாயை இப்படியும் அப்படியும் நடத்தினோம். விறைத்துச் சுருண்ட விழித்திரை அப்படி ஆடாது.

அடுத்து, எதிரொலியை இயந்திரம் பெருக்கிக் காட்டும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ரேடியோவில் சத்தத்தைக் குறைப்பது போலத்தான். பலமில்லாத எதிரொலிகள் முதலில் மறையும். விழித்திரை கடைசிவரை பிரகாசமாக நிற்கும். பாதி குறைப்பதற்குள் கோடு மங்கிக் காணாமல் போனது. பின்சுவரில் ஒரு வெள்ளை வளைவு மட்டும் மிஞ்சியது. தாயின் கண்ணில் பார்த்த அதே வளைவு. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு பிசிறு இல்லாமல் சுவரோடு ஒட்டியிருந்தது.

முனையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் தம் கையை என் மணிக்கட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.

"என்ன பாக்கறேள்?"

"விழித்திரை சுவத்துலதான் சார் இருக்கு. கழலவே இல்லை."

துப்பட்டாவுக்கு வெளியிலிருந்து மும்தாஜின் குரல் கேட்டது. "நல்லதா சொல்றீங்களா மேடம்?"

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அந்தக் குழாயில் இன்னமும் ரத்தம் ஓடினால், லென்ஸை எடுக்கும்போது கண் முழுக்க ரத்தம் நிரம்பிவிடும். ஓட்டத்தை நிறமாகக் காட்டும் முறைக்கு மாற்றினேன். வலக் கண்ணில் ஒன்றும் இல்லை. இடக் கண்ணில், அடியில், பின்சுவரை ஒட்டி ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கி மினுக்கி அணைந்தது. நடுவிலிருந்து லென்ஸ்வரை வற்றிப்போயிருந்தது. டாக்டர் அந்தப் புள்ளியைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, முன் நுனியில் மட்டும் நறுக்கிவிட்டு, அடியைத் தொடாமல் விட்டுவிடுகிறேன் என்றார்.

வெளியே வந்து ஜமால் பாயிடம் அவரே பேசினார். பார்வைக்கு வழி இருக்கிறது; குட்டிக்கு மயக்க மருந்தில் ஆபத்து உண்டு; கண்ணுக்குள் ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு; சம்மதம் உங்களுடையது என்று ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். பாய் கேட்டுக்கொண்டே மனைவியைப் பார்த்தார். "செஞ்சுடுங்க," என்றார்.

வெள்ளிக்கிழமைதான் அறுவை நடந்தது. நுண்ணோக்கியின் படம் வரும் திரை என் பொறுப்பு. வலக் கண் முடிந்தது. இடக் கண்ணில் புரையை உடைத்து உறிஞ்சி எடுத்ததும், பின்னால் அந்தக் குழாயின் நுனி நேரிலேயே தெரிந்தது. நனைந்த நூல் மாதிரி. இதைத்தான் இத்தனை நாளும் கோடாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் கத்தரி முனையை அதன் அருகில் கொண்டுபோனார். நறுக்கினார். நூல் இரண்டாகி, பின்பாதி பின்னுக்குச் சுருங்கியது.

கருவியை அங்கேயே அசையாமல் நிறுத்திக்கொண்டு கேட்டார். "என்ன பாக்கறேள், தனம்?"

நான் சிவப்பைத் தேடினேன். எங்கும் இல்லை. "ரத்தம் இல்லை சார். தெளிவா இருக்கு."

"தெளிவா இருக்கு," என்று அவரும் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

அதன்பின் மும்தாஜின் வேலைதான் பெரிது. கண்ணைத் தேய்க்காதபடி குட்டிக்கு முகமூடி கட்டியிருந்தோம். அதைக் கழற்றாமலே சொட்டு மருந்து விடும் குழாய் ஒன்றைப் பிடரியோடு ஒட்டிவைத்திருந்தோம். வேளை தவறாமல் மருந்து விட்டார். கொட்டகையிலேயே படுக்கை விரித்துப் படுத்தார். வீக்கம் வடிந்ததும் நாங்கள் மறுபடி அரியமங்கலம் போனோம்.

கொட்டகையின் இருட்டு மூலையில் குட்டியை நிறுத்தி முகமூடியைக் கழற்றினோம். கோடுபோல ஒளி விழும் கைவிளக்கால் கண்ணுக்குள் பார்த்தேன். குதிரைக் கண்ணின் பின்சுவர் கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆனால் இந்தக் கண்களில் அதுவரை வெள்ளைப் புகைதான் தெரிந்திருக்கிறது. அன்று உள்ளேயிருந்து பச்சையும் நீலமுமாக வெளிச்சம் பொங்கி வந்தது. கண்மணி முழுக்க, ஓரம்வரை, ஒரு கறை இல்லை. எத்தனையோ ஆயிரம் கண்களுக்குள் பார்த்திருக்கிறேன். எழுந்து நின்று கூத்தாட வேண்டும்போல இருந்தது அந்த ஒரு தடவைதான்.

கண் முன்னால் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பிடித்து அளந்தேன். உள்லென்ஸ் இல்லாததால் எட்டப்பார்வைக் குறை நிறையவே இருக்கும் என்று எதிர்பார்த்ததுதான், அப்படியே இருந்தது. புல்லின் நுனி அதற்குக் கூர்மையாகத் தெரியாது, சுவரும் வேலியும் ஆளும் அம்மாவும் தெரியும் என்று மும்தாஜிடம் சொன்னேன். புல்லை நான் வாயிலயே குடுத்துடறேன் அக்கா என்றார். மேடம் என்பது அன்றோடு போய்விட்டது.

ஜமால் பாய் மட்டும் நம்பாமல் தள்ளி நின்றார். தெரியுமா தெரியாதா என்று எதைக்கொண்டு சொல்வது, அது முன்னாலும் சத்தத்துக்குத் திரும்பத்தானே செய்தது என்றார். நியாயமான கேள்விதான். என் அளவுகள் அவருக்கு என்ன சொல்லும்?

டாக்டர் குட்டியின் கயிற்றை அவிழ்த்தார். "வெளில போலாம், வாங்கோ," என்றார்.

குட்டி வெளியே வந்து வெயிலில் தயங்கி நின்றது. தலையை உயர்த்திச் சுற்றிலும் பார்த்தது. எதிரே சுல்தானா சத்தமில்லாமல் வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில், சந்து முனை மின்கம்பத்தின் நிழல் தரையில் கறுப்பாக, நீளமாக விழுந்திருந்தது. குட்டி தாயை நோக்கி நடந்தது. நிழலருகே வந்ததும் சட்டென்று நின்றது. கழுத்தை நீட்டி அதை முகர்ந்தது. பின்னால் இரண்டடி எடுத்து வைத்தது. பிறகு நான்கு காலையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, பெரிய வாய்க்காலைத் தாண்டுவதுபோல எம்பிக் குதித்து அந்தப் பக்கம் போய் விழுந்தது.

பட்டறை ஆட்கள் ஓவென்று சிரித்தார்கள். மும்தாஜ் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. குட்டி தாயிடம் போய் நேராக மடியில் வாய் வைத்தது, தடவித் தேடவில்லை.

ஜமால் பாய் மின்கம்பத்துப் பக்கம் நடந்துபோனார். குனிந்து, நிழல் விழுந்த தரையைக் கையால் தடவிப் பார்த்தார். அங்கே பள்ளமும் இல்லை, கயிறும் இல்லை, சத்தம் போடுகிற எதுவும் இல்லை. கையில் ஒட்டிய மண்ணோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், அது தாண்டுனது வெறும் நிழலைத்தானே?"

"ஆமா பாய், நிழலைத்தான்."